கேட்கத் தெரிந்த பிறகு எழுதுங்கள்

மக்களே,

என் அப்பா மயிலாடியில் கல் வேலை செய்தவர். கல்லை வண்டியிலிருந்து இறக்கியதும் உளியைத் தேடமாட்டார். சுத்தியலால் அங்கங்கே மெல்லத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே கல்லைச் சுற்றி வருவார். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் ஓடிய கல் பொத்தென்று ஒலிக்கும். "கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்லே" என்பார். இன்று மயிலாடிக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெருமைக்கு அடியில் இப்படித் தட்டிக் கேட்ட காதுகள் எத்தனையோ இருக்கின்றன.

நான் உளி பிடிக்கவில்லை. பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிகளுக்குத் தொடர்களும் இலக்கணமும் எழுதிக்கொடுக்கும் வேலையில் என் காலம் போயிற்று. ஒருவர் இந்த இடத்தில் என்னென்ன சொல்லக்கூடும், எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும், எதை விட்டுவிட்டும் பேசலாம் என்பதை விதிகளாக எழுதிவைத்தால், கணினி தன் காதில் விழும் ஓசையை அந்த விதிகளுக்குள் தேடிப் பொருத்தும். அதைத்தான் இந்தத் தொழிலில் 'கிராமர்' என்கிறோம். சாயங்காலம் வந்து உட்கார்ந்து அதைக் கற்றுத்தரக் கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லவேண்டும்.

பல வருடங்களுக்கு முன், வெளியூரில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், விளைபொருள் விலை சொல்லும் தொலைபேசிச் சேவைக்கு இலக்கணம் எழுதினேன். கிழங்கின் பெயராக 'மரவள்ளி', 'மரவள்ளிக்கிழங்கு' என்ற இரண்டை எழுதினேன். பிறகு ஒலிப்பதிவுகளைச் சோதித்தபோது நம் பக்கத்து அம்மா ஒருவரின் குரல் வந்தது. "மரச்சீனி" என்றார். கணினி மறுபடி கேட்டது. கொஞ்சம் சத்தமாக "மரச்சீனி" என்றார். மூன்றாம் முறை எழுத்துக் கூட்டுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கணினி இணைப்பைத் துண்டித்தது. அதற்கு முன் பக்கத்தில் இருந்த யாரிடமோ அவர் சொன்னதும் பதிவாகியிருந்தது: "எனக்குப் பேசத் தெரியல பிள்ளே."

நான் பிறந்த வீட்டில் அந்தக் கிழங்குக்கு மரச்சீனி தவிர வேறு பெயரே கிடையாது. அந்த அம்மாவுக்குப் பேசத் தெரியும். கேட்கத் தவறியவன் நான். உங்களுக்கு நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஓர் அழைப்பிலிருந்து கற்றது. பேசுகிறவர் பிழை செய்வதில்லை. பிழை இலக்கணத்தில் இருக்கிறது.

1. முதலில் போய்க் கேளுங்கள்.

தொல்காப்பியத்தை அரங்கேற்றக் கேட்ட அதங்கோட்டாசான் நம் குமரி மாவட்டத்து அதங்கோட்டுக்காரர் என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அந்த நூல் மக்களின் வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்து எழுதப்பட்டது என்று அதன் பாயிரமே சொல்கிறது. முதலில் வழக்கு, அதன்பின் விதி. நீங்கள் எழுதப்போவதும் இலக்கணம்தான். ஆகவே அதே வரிசையில் வாருங்கள்.

பூ விலை கேட்கும் சேவை என்றால் தோவாளைச் சந்தையில் போய் நில்லுங்கள். "பிச்சி என்ன வெலை?", "பிச்சி எப்பிடி போவுது?", "இன்னைக்கு பிச்சி எவ்வளவு?" என்று காதில் விழுவதை விழுந்தபடியே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து திருத்தி எழுதாதீர்கள்.

ஆட்களைப் பேசவைத்துப் பதிவு செய்யும்போது எழுத்தைக் காட்டாதீர்கள். எழுத்தைக் காட்டினால் வாசிப்பார்கள். வாசிப்புத் தமிழ் வேறு, வாய்த் தமிழ் வேறு. படத்தைக் காட்டுங்கள், பொருளைக் காட்டுங்கள், "இதை அணைக்க என்ன சொல்வீங்க?" என்று கைச்சாடையாகக் கேளுங்கள். இன்னொரு நல்ல முறையும் உண்டு. மென்பொருள் எழுதுமுன்பே, அடுத்த அறையில் ஒருவர் உட்கார்ந்து கணினியைப்போல் பதில் சொல்லட்டும். பேசுகிறவரிடம் நிகழ்ச்சி முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இப்படி முப்பது பேர் பேசியதை எழுதிப் பார்த்தால், நீங்கள் மேசையில் உட்கார்ந்து யோசித்த பட்டியலில் இல்லாத தொடர்கள் பக்கம் பக்கமாக வரும்.

2. இலக்கணம் தேவையா என்று பாருங்கள்.

எதைப் பேசினாலும் எழுதித்தரும் பெரிய மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் 2017-இல் சேர்ந்தது. ஓப்பன்ஏஐயின் விஸ்பர் 2022-இல் வந்தது. கதை எழுத, கடிதம் எழுத, கூட்டத்தில் பேசியதைக் குறிக்க அவை போதும். அந்த வேலைகளுக்கு நீங்கள் விதி எழுதி முடியாது.

ஆனால் பட்டறையில் விளக்கைப் போட, கண் தெரியாத ஒருவர் வானொலியை மாற்ற, இணையம் இல்லாத இடத்தில் ஒரு சின்னக் கணினிப் பலகை பத்துக் கட்டளைகளைக் கேட்க, இலக்கணமே ஏற்றது. எதைக் கேட்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்த காது குறைந்த பலத்தோடும் நன்றாகக் கேட்கும்.

இதைப் பெரிய அளவில் நிரூபித்தவர்களில் ஒருவர் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவிலிருந்து 1976-இல் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் 'ஹார்ப்பி' என்ற அமைப்பு வந்தது. 1,011 சொற்கள். அனுமதிக்கப்பட்ட வாக்கியங்கள் அத்தனையும் ஒரே வலையில் பாதைகளாகக் கோக்கப்பட்டிருந்தன. அந்த வலைக்குள் மட்டும் தேடியதால்தான் அந்தக் காலக் கணினியால் அது முடிந்தது. ரெட்டிக்கு 1994-இல் டூரிங் விருது கிடைத்தது. நீங்கள் எழுதும் பத்து வரி இலக்கணமும் அதே வலையின் சின்னப் பிள்ளைதான்.

3. ஒரு நேரத்தில் சில சொற்களே போதும்.

பெல் ஆய்வகத்தின் 'ஆட்ரி' 1952-இல் பத்து எண்களைக் கேட்டது. ஐபிஎம்மின் 'ஷூபாக்ஸ்' 1962-இல் பதினாறு சொற்களைக் கேட்டது. சின்னதாகத் தொடங்கியதால் அவை வேலை செய்தன.

நம் மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2000-களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, திண்டுக்கல் பக்கத்துச் செம்பட்டியில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து மக்களும் பேசித் தகவல் பெறும்படி 'தமிழ் மார்க்கெட்' என்ற அமைப்பைச் செய்து பார்த்தார்கள். அதன் பலம் சொற்களின் எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லக்கூடிய சொற்கள் மிகச் சிலவாக இருந்தன. அவற்றையும் அங்குள்ள மக்களின் குரலிலேயே பதிந்து வாங்கினார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஐம்பது சொற்களை ஒரே பட்டியலில் கொட்டாதீர்கள். முதலில் "பூவா, காயா?" என்று கேட்டால் இரண்டே பதில். பூ என்றால் அடுத்து எட்டுப் பதில். மொத்தச் சொற்கள் எத்தனை என்பதைவிட, இந்த நொடியில் எத்தனை வாசல் திறந்திருக்கிறது என்பதே பிழையின் அளவைத் தீர்மானிக்கும்.

4. ஓசையில் விலகிநிற்கும் சொற்களைத் தேர்ந்தெடுங்கள்.

போடு, மூடு, தேடு, ஓடு. நான்கும் எழுத்தில் வேறு வேறு. சத்தமுள்ள இடத்தில் நான்கும் ஏறக்குறைய ஒன்று. ஏத்து, மாத்து என்ற இரண்டும் அப்படியே. ஒரே பட்டியலில் இவை சேர்ந்திருந்தால் ஒன்றை மாற்றுங்கள். 'மூடு' என்பதற்குப் பதில் 'அடைச்சிரு' என்று நம் பக்கத்தில் இயல்பாகச் சொல்வார்கள். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓரசைச் சொல்லைத் தனியாக நிறுத்தாதீர்கள். 'வா', 'போ' போன்றவை இருமலிலும் கதவுச் சத்தத்திலும் பிறந்துவிடும். இரண்டு மூன்று அசை உள்ள தொடரை வையுங்கள்.

கல் பட்டறைக்கு எழுதும்போது இன்னொன்று. உளிச் சத்தம் சட்டென்று வெடித்து அடங்குவது. க, ட, த, ப போன்ற வல்லினங்கள் பிறப்பதும் அதே மாதிரியான சின்ன வெடிப்பில்தான். உளி விழும் இடத்தில் வல்லினம் தொலைந்துபோகும். நெடில் உயிரும் இடையினமும் மெல்லினமும் நிறைந்த சொற்கள் அந்தச் சத்தத்துக்கு மேலே நீண்டு நிற்கும்.

5. தமிழின் எதிர்மறை வாலில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

இது நம் மொழிக்காரர்கள் தனியாகக் கவனிக்கவேண்டிய இடம். "அழி" என்பதும் "அழிக்காதே" என்பதும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. "நிறுத்து", "நிறுத்தாதே"யும் அப்படியே. மறுக்கும் சொல் கடைசியில்தான் வருகிறது. கணினி பாதியிலேயே அவசரப்பட்டு முடிவெடுத்தால், வேண்டாம் என்று சொன்னவருக்கு வேண்டாததையே செய்துவிடும்.

மிக மோசமான இணை 'வேணும்', 'வேண்டாம்'. இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்று, கடைசி ஒலி ஒன்று. உறுதி கேட்கும் இடத்தில் இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். "சரியா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "ஆமா" அல்லது "இல்ல" என்பார்கள். இந்த இரண்டும் நன்றாக விலகி நிற்கின்றன. கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும். யாரும் வேணும், வேண்டாம் என்றே சொல்லிவிட்டால் அதைத் தள்ளாதீர்கள், ஒருமுறை திருப்பிக் கேளுங்கள்.

பேச்சு முடிந்தது என்று கணினி முடிவுகட்டும் மௌன நேரத்தையும் கொஞ்சம் நீட்டுங்கள். வயதானவர்கள் "அந்த வெளக்க..." என்று சொல்லி மூச்சு வாங்கி, பிறகுதான் "அணைக்கண்டாம்" என்பார்கள். அந்த மூச்சுக்கு மரியாதை கொடுங்கள்.

6. சொல்லின் பல வடிவங்களுக்கும் இடம் வையுங்கள், ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள்.

அணை, அணைங்க, அணைச்சிரு, அணைச்சிருங்க, அணைக்கணும். ஒரே ஏவல் எத்தனை உருவில் வருகிறது! சின்னவர்களிடம் ஒன்று, பெரியவர்களிடம் ஒன்று. கணினியிடம் எப்படிப் பேசுவது என்று யாருக்கும் ஊரில் வழக்கம் வகுக்கப்படவில்லை. சிலர் அதை "நீ" என்பார்கள், சிலர் "மக்கா" என்று கொஞ்சுவார்கள், சிலர் மரியாதையாக "ங்க" போடுவார்கள். யாரையும் அவர்களுடைய பண்பிலிருந்து இறங்கிவரச் சொல்லாதீர்கள்.

சன் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ஜாவா ஸ்பீச் கிராமர் ஃபார்மட்டில் எழுதும் முறை எளிது. கோணக் குறிக்குள் விதியின் பெயர், நேர்கோட்டால் 'அல்லது', சதுர அடைப்புக்குள் விட்டாலும் விடலாம் என்பவை. இப்படி:

<அழைப்பு> = மக்கா | லே | பிள்ளே ;
<பொருள்> = லைட்டு | லைட்ட | வெளக்கு | வெளக்க | ஃபேன் | ஃபேன ;
<செயல்> = போடு | போட்டிரு | போடுங்க | போட்டிருங்க | அணை | அணைச்சிரு | அணைங்க | அணைச்சிருங்க ;
<ஏவல்> = [<அழைப்பு>] [கொஞ்சம்] <பொருள்> <செயல்> ;

இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004-இல் தரப்படுத்திய முறையிலும் கருத்து இதேதான், எழுதும் குறிகள்தான் வேறு. "வெளக்க அணைச்சிரு மக்கா" என்று அழைப்பு கடைசியிலும் வரும், ஆகவே அதையும் சேர்க்க நினைப்பீர்கள். சேருங்கள். "லைட்ட ஆஃப் பண்ணு" என்பதையும் சேருங்கள். அது தமிழ்நாட்டின் வாயில் இருக்கும் தமிழ், அதைத் தள்ளும் உரிமை நமக்கு இல்லை.

சேர்க்கும்போது பெருக்கிப் பாருங்கள். மேலே உள்ள நான்கு வரியிலேயே அழைப்புக்கு, இல்லாததும் சேர்த்து, 4 வழி. கொஞ்சம் இருந்தும் இல்லாமலும் 2. பொருள் 6, செயல் 8. மொத்தம் 384 வாக்கியங்கள். பொருள் வடிவங்கள் இரட்டித்தால் 768. திறந்துவிட்ட ஒவ்வொரு பாதையும் பிழை நுழையவும் பாதை. ஆகவே இலக்கணத்தை எழுதி முடித்ததும் அதிலிருந்து இருபது வாக்கியங்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து உரக்க வாசியுங்கள். யாரும் சொல்லாத வாக்கியம் வந்தால் அந்த விதியை இறுக்குங்கள். நீங்கள் கேட்டு எழுதிய வாக்கியம் ஒன்று அதில் பிறக்க முடியாது என்றால் தளர்த்துங்கள்.

7. எண்களுக்குத் தனி நோட்டுப் போடுங்கள்.

என் அனுபவத்தில் பாதிப் பிழை எண்ணில்தான் வந்தது. எழுத்தில் ஐம்பது, ஒன்பது. வாயில் 'அம்பது', 'ஒம்பது'. முதல் உயிரெழுத்து ஒன்றுதான் வேறு. பூ விலையில் ஒன்பதுக்கும் ஐம்பதுக்கும் உள்ள தூரம் ஒரு வீட்டின் அன்றைய சாப்பாடு. இருவது, அறுவது, எழுவது மூன்றும் ஒரே சந்தத்தில் நடக்கும். வேறுபாடு முதல் அசையில் மட்டும், அந்த அசை சத்தத்தில் மூழ்கினால் மூன்றும் ஒன்று.

எண்பதை 'எம்பது' என்பார்கள். ஐநூறை 'அஞ்ஞூறு' என்பாரும் உண்டு. அடுத்து எண் வரும்போது பத்தின் வடிவமே மாறும்: இருவத்தி ரெண்டு, நாப்பத்தி அஞ்சு, தொண்ணூத்தி ஏழு. ஒன்றுமுதல் நூறுவரை பட்டியல் போடாதீர்கள். பத்துகளுக்கு ஒரு விதி, ஒற்றைகளுக்கு ஒரு விதி, இரண்டையும் சேர்க்க ஒரு விதி என்று எழுதுங்கள். அளவு கேட்கும் இடத்தில் காக்கிலோ, அரைக்கிலோ, முக்காக்கிலோ, ஒண்ணரை, ரெண்டேகால் எல்லாம் வரும்.

தொலைபேசி எண்ணை ஒருவர் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வார், இன்னொருவர் இரண்டிரண்டாகச் சொல்வார், மூன்றாமவர் ஆங்கிலத்தில் 'டபுள் த்ரீ' என்பார். பூஜ்யம், சைபர், ஜீரோ மூன்றும் வேண்டும். எப்படிச் சொன்னாலும் கணினி அதைத் திருப்பிச் சொல்லும்போது ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்துச் சொல்லட்டும். அம்பதா என்று திருப்பிக் கேட்பதைவிட, "அஞ்சு, பூஜ்யம்" என்று சொல்லிச் "சரியா?" என்று கேட்டால் பிழை அங்கேயே பிடிபடும்.

8. எழுத்தை நம்பி ஒலியை விட்டுவிடாதீர்கள்.

இலக்கணத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் பெரும்பாலான கருவிகள் ஒலிப்பு அகராதி ஒன்றைக் கேட்கும். தமிழில் எழுதியபடியே வாசிக்கிறோம் என்ற நம்பிக்கையில் எழுத்தையே ஒலியாகப் போட்டுவிடாதீர்கள். பக்கம், பங்கு, பகல். எழுத்து ஒரே ககரம், வாயில் மூன்று ஒலி. இரட்டித்தால் அழுத்தம், மெல்லினத்தின் பின் அதிர்வு, இரண்டு உயிருக்கு நடுவில் இளக்கம். டகரம், தகரம், பகரத்துக்கும் இப்படி வேறுபாடு உண்டு. சொல்லின் இறுதியில் வரும் மகர னகர மெய்கள் பேச்சில் பெரும்பாலும் மூக்கொலி கலந்த உயிராகவே முடிந்துவிடும். சொல்லிறுதி உகரம் குறுகுவதைக் குற்றியலுகரம் என்று பெயரிட்டுத் தொல்காப்பியர் எழுதிவைத்திருக்கிறார். ஒலிகள் நெஞ்சிலும் கழுத்திலும் தலையிலும், நாவிலும் பல்லிலும் இதழிலும், மூக்கிலும் அண்ணத்திலும் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும் பிறப்பியலை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். இந்த வேலைக்கு அதைவிட நல்ல தொடக்கப் பாடம் எனக்குத் தெரியாது.

பேச்சின் இன்னொரு விதியையும் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மெய் மட்டும் இருந்து, அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால், முதல் அசையின் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் இளகும். விலை 'வெலை' ஆகிறது, இடம் 'எடம்' ஆகிறது, உதவி 'ஒதவி' ஆகிறது. இந்த விதியால் 'குடை' வாயில் 'கொடை' ஆகும். நம் ஊரில் கொடை என்றால் கோயில் திருவிழா. ஒலிக்கு அந்த இரண்டும் ஒன்றேதான், பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஒரு சொல்லுக்கு இரண்டு ஒலிப்புகள் இருந்தால் இரண்டையும் அகராதியில் போடுங்கள். ழகரத்தை ளகரமாகச் சொல்வதும் ஓர் ஒலிப்புத்தான். அதை வகுப்பறையில் திருத்துங்கள், இங்கே ஏற்றுக்கொள்ளுங்கள்.

9. சொல் வேறு, பொருள் வேறு.

ஏத்தன் என்றாலும் நேந்திரன் என்றாலும் ஒரே பழம். செந்துளுவனும் செவ்வாழையும் ஒன்று. மரச்சீனி, மரவள்ளி, கப்பை மூன்றும் ஒன்று. இலக்கணத்தில் எல்லாவற்றையும் கேளுங்கள், ஆனால் உள்ளே அனுப்பும்போது ஒரே குறியாக அனுப்புங்கள். விலைப் பட்டியலுக்குத் தேவை அந்தக் குறி மட்டும்.

எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். சென்னையில் மிளகு என்றால் கறுப்பு மிளகு. நம் பக்கத்தில் அதை நல்லமொளகு என்போம், வெறுமே மொளகு என்றால் பல வீடுகளில் மிளகாய். இரண்டையும் ஒரே குறியில் கட்டிவிட்டால், கேட்டவர் ஒன்றின் விலையை நினைத்து இன்னொன்றை விற்றுவிட்டு வருவார். இப்படி ஊருக்கு ஊர் பொருள் மாறும் சொல் வந்தால், எது என்று கணினி கேட்கட்டும்.

10. புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல இடம் வையுங்கள்.

மூடிய இலக்கணத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. அது எந்தச் சத்தத்தையும் தன் பட்டியலில் உள்ள ஏதாவது ஒன்றோடு பொருத்தியே தீரும். எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் சோதித்தபோது உளி இரண்டு தரம் விழுந்த ஓசையைக் கணினி 'எட்டு' என்று எழுதியது. அதன்மேல் தவறில்லை. 'இது பேச்சே இல்லை' என்று சொல்ல நான் அதற்கு வழி கொடுக்கவில்லை. ஆகவே பட்டியலில் சேராத ஒலிக்கென்று ஓர் இடம் வையுங்கள். வாஸ்க் போன்ற கருவிகளில் தொடர்ப் பட்டியலோடு 'அறியாச் சொல்' என்ற ஒன்றைச் சேர்க்க வழி இருக்கிறது. கணினி தன் முடிவில் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று தரும் மதிப்பெண்ணையும் பாருங்கள். குறைவாக இருந்தால் மறுபடி கேட்கட்டும்.

மறுபடி கேட்கும் சொல்லை நீங்களே யோசித்து எழுதுங்கள். "தவறான உள்ளீடு" என்று சொல்லவைக்காதீர்கள். "எனக்குச் சரியாக் கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று குறையைக் கணினி ஏற்றுக்கொள்ளட்டும். இரண்டாம் முறையும் தவறினால் வேறு வழி காட்டட்டும், பொத்தானோ மனிதரோ. மூன்றாம் முறை யாரையும் துண்டிக்காதீர்கள்.

பட்டறைக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு கட்டளையாகவே சொல்கிறேன். கல் அறுக்கும் இயந்திரத்தைக் குரலால் ஓடவிடாதீர்கள். நிறுத்துவதற்கும் குரலை மட்டும் நம்பாதீர்கள். கைக்கு எட்டும் சுவிட்சு எப்போதும் இருக்கவேண்டும். விளக்கு தவறாக அணைந்தால் மறுபடி போடலாம். விரல் போனால் வராது.

11. கோப்பில் ஒளிந்திருக்கும் பிழைகளைத் தேடுங்கள்.

'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் போடலாம், எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு சொல். 'ஔ' என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுகிறவர்களும் உண்டு. இலக்கணம், அகராதி, பொருள் பட்டியல் மூன்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் சின்ன நிரலை முதல் நாளே எழுதிவையுங்கள். ஒவ்வொரு விதிக்கும் மேலே, இதை எங்கே, எப்போது கேட்டீர்கள் என்று ஒரு வரி குறிப்பு எழுதுங்கள். யார் சொன்னார் என்ற பெயர் வேண்டாம்.

12. எல்லாக் குரலிலும் சோதியுங்கள், குரலுக்கு உரியவரிடம் அனுமதி கேளுங்கள்.

நீங்களும் உங்கள் நண்பர்களும் பேசிச் சோதித்தால் எல்லாம் நன்றாகவே வேலை செய்யும். பெண்களின் குரல், பல் போன தாத்தாக்களின் குரல், குழந்தைகளின் குரல், கடற்கரை ஊர்க்காரர்களின் குரல் வேண்டும். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை மலையாளம் பேசும் நாட்டோடு ஒரே ஆட்சியில் இருந்த மண். கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் சொல்லும் இழுப்பும் மாறும். பத்து மைல் மேற்கே போனதும் உங்கள் இலக்கணம் திணறினால் அது நாஞ்சில் நாட்டுக்கு மட்டும் எழுதப்பட்டது என்று பொருள். இலக்கணம் எழுதப் பயன்படுத்திய பதிவுகளை வைத்தே அதைச் சோதிக்காதீர்கள். சோதனைக்கென்று சில குரல்களை முன்பே தனியாக எடுத்துவையுங்கள்.

குரல் ஒருவரின் முகம்போல. 2023-இல் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வராவிட்டாலும் கேட்டிருக்கவேண்டியதுதான். எதற்குப் பதிகிறோம், எவ்வளவு நாள் வைத்திருப்போம் என்று அவர்களுடைய பேச்சிலேயே சொல்லி, சம்மதம் வாங்குங்கள். வேலை முடிந்தால் அழியுங்கள். முதலில் சொன்னேனே, அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்ன சொல் பதிவாகும் என்று அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டதால் நான் திருந்தினேன். ஆனாலும் அது நான் கேட்க அவர் சொன்ன சொல் அல்ல.

இவ்வளவுதான் மக்களே. இந்தப் பன்னிரண்டையும் மனப்பாடம் செய்து வர வேண்டாம். நாளைக்கு வெள்ளெனவே தோவாளைக்குப் போங்கள். கணினியை வீட்டில் வையுங்கள், ஒரு நோட்டும் பேனாவும் போதும். பிச்சிக் கூடைகள் இறங்கும் இடத்தில் ஓரமாக நின்று, வாங்க வருகிறவர் முதலில் என்ன சொல்கிறார், விற்கிறவர் அதற்கு என்ன சொல்கிறார் என்று ஒரு மணி நேரம் கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். முதல் விதியை அதிலிருந்து சேர்ந்தே எழுதுவோம்.